சுவரில் எழுந்த பூக்கள்

திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, கீழ்ப் பழனிமலையின் அடிவாரத்தில், மருதாநதியின் நீர்வளத்தால் தென்னந்தோப்புகள் செழித்து நிற்கும் ஊர் அய்யம்பாளையம். இத்தகைய சிற்றூர்களின் பழைய வீடுகளுக்கு அணி செய்வது பெரும்பாலும் சுண்ணாம்பே. தைத் திங்கள் பிறக்குமுன் சுவருக்கு வெள்ளையடித்து, அடியில் காவிப்பட்டை தீட்டிவிட்டால் வீடு புதுமனை போலப் பொலியும். அச்சுவரில் சாய்ந்து எழுவோரின் முதுகில் வெண்மை ஒட்டிக்கொள்ளும். அதனைப் பொருட்படுத்துவார் இலர்.

இம்மலைத்தொடரின் மேலே, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கோடைக்கானல் உள்ளது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் 1845-ஆம் ஆண்டில் அங்கே முதல் வீடுகளைக் கட்டினர். அவர்களைத் தொடர்ந்து வந்த ஐரோப்பியர் கணப்படுப்பும் கண்ணாடிச் சாளரமும் அமைத்துத் தம் நாட்டு வீடுகளைப் போன்ற வீடுகளை மலைமேல் எழுப்பினர். அந்நாளைய இங்கிலாந்தில் ஒரு கூடம் முழுமை பெற வேண்டுமானால் இன்னும் ஒரு பொருள் வேண்டும். அதுவே சுவர்த்தாள்.

பசையிட்டுச் சுவரில் ஒட்டப்படும் ஓவியத்தாள் அது. அவ்வகையுள் சிறப்புடையதாகக் கருதப்பட்டது, பூவும் கொடியும் தாளின் மட்டத்தினின்று மேலெழுந்து நிற்கும் புடைப்புச் சுவர்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் இதழ் இது, காம்பு இது என விரல் அறிந்துகொள்ளும். ஐரோப்பிய நாடுகளில் இல்லந்தோறும் புகுந்த இத்தாள், தமிழகத்தின் சமவெளியிலோ மலையிலோ வேரூன்றவில்லை. அதற்குக் காரணம் யாது? சுவரில் பூ எழுப்பும் ஆசை நம்மவர்க்கு இல்லாமற் போயிற்றா? இவ்வினாக்களுக்கு விடை காண, அத்தாள் பிறந்த வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

குளிர் மிகுந்த நாடுகளில் கற்சுவர் பனிக்கட்டி போலக் குளிரும். ஆதலின் அந்நாட்டுச் செல்வர் தம் அரண்மனைச் சுவர்களில் தடித்த கம்பளித் திரைகளைத் தொங்கவிட்டனர். சிலர் தோலால் போர்த்தினர். ஸ்பெயின் நாட்டுக் கோர்டோபா நகரில் செய்யப்பட்ட பொற்றோல் ஐரோப்பா எங்கும் புகழ் பெற்றது. பொற்றோல் என்பது பெயரளவில்தான். உண்மையில் தோலின்மேல் வெள்ளித் தகட்டை ஒட்டி, அதன்மேல் மஞ்சள் நிற மெருகெண்ணெய் பூசுவர். வெள்ளியின் ஒளி மஞ்சளினூடே வெளிப்படும்போது பொன் போலத் தோன்றும். 17-ஆம் நூற்றாண்டில் ஆலந்து நாட்டுத் தொழிலாளர் இத்தோலைச் செதுக்கிய அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்தி, பூக்களையும் பழங்களையும் புடைத்தெழச் செய்தனர். விளக்கொளி அம்மேடு பள்ளங்களில் பட்டுத் தெறிக்கும் அழகைக் காண அரண்மனைக்குத்தான் செல்லவேண்டும். எளியோர் வீட்டில் அதற்கு இடமில்லை.

இங்கே நம் நாட்டின் தொடர்பு ஒன்று குறுக்கிடுகிறது. சோழமண்டலக் கரையில் சாயவேரும் அவுரியும் கொண்டு வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகள் அந்நூற்றாண்டில் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குச் சென்றன. நீரில் எத்துணை முறை அலசினும் நிறம் மங்காத துணியை ஐரோப்பியர் அதற்குமுன் கண்டதில்லை. ஆடையாகவும் படுக்கை விரிப்பாகவும் மட்டுமன்றிச் சுவர்ப் போர்வையாகவும் அவற்றைப் பயன்படுத்தினர். இலண்டனில் வாழ்ந்த சாமுவேல் பீப்ஸ் என்பார் தம் மனைவியின் படிப்பறைச் சுவரைப் போர்த்துவதற்கென்றே இந்திய ஓவியத்துணி வாங்கியதை 1663-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். நம் துணியின் பெருக்கத்தால் தம் பிழைப்புக் கெடுவதாக ஆங்கிலேய நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். 1700-ஆம் ஆண்டுச் சட்டம் அத்துணியின் இறக்குமதியைத் தடுத்தது. 1721-ஆம் ஆண்டுச் சட்டமோ பருத்தி ஓவியத்துணியை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையுமே தடுத்தது. துணிக்குத் தடை வந்தது. அதன் பூக்களுக்குத் தடை வரவில்லை. நம் சாயத்தொழிலாளர் தீட்டிய கொடிகளையும் மலர்களையும் சுவர்த்தாள் செய்வோர் தாளில் பெயர்த்து அச்சிட்டு விற்றனர்.

தாளைச் சுவரில் ஒட்டும் வழக்கம் இங்கிலாந்தில் அதற்கும் முற்பட்டதே. கேம்பிரிட்ஜ் நகரத்துக் கிறைஸ்ட் கல்லூரியில் கண்டெடுக்கப்பட்ட தாள்துண்டு 1509-ஆம் ஆண்டைச் சார்ந்தது. எட்டாம் ஹென்றி அரியணை ஏறிய காலத்து அறிவிப்பின் வெற்றுப் புறத்தில் மாதுளம்பழ வடிவம் அச்சிடப்பெற்றிருந்தது. எழுதிக் கழித்த தாளின் முதுகுதான் கல்லூரிக் கூரைக்கு அணியாயிற்று! பின்னர் இத்தொழில் வளர்ந்ததைக் கண்ட அரசினர், 1712-இல் சதுர கஜத்திற்கு ஒரு பென்னி வீதம் சுவர்த்தாளுக்கு வரி விதித்தனர். மக்களும் சளைத்தாரல்லர். வரியற்ற வெறுந்தாளை வாங்கி ஒட்டிவிட்டு, பிறகு ஆள்வைத்து அதன்மேல் வண்ணம் தீட்டிக்கொண்டனர். 1836-இல் அவ்வரி நீங்கியது. நீண்ட சுருளாகத் தாள் செய்யும் பொறிக்கு 1799-இல் பிரான்சு நாட்டு நிக்கோலா லூயி ராபர் உரிமை பெற்றிருந்தார். உருளைகளால் வண்ணம் அச்சிடும் பொறியும் சேர்ந்தபின் தாளின் விலை விரைந்து இறங்கியது.

மலிவுடன் கேடும் வந்தது. சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் ஷீலே 1775-இல் கண்டுபிடித்த ஒருவகைப் பச்சை நிறம் தாள்களில் பெரிதும் விரும்பப்பட்டது. செம்பும் பாஷாணமும் கலந்த நிறம் அது. அந்நிறத்தைக் கையாண்ட தொழிலாளர் புண்ணுற்றனர். ஈரமான அறைகளில் உறங்கியோரும் நோயுற்றதாக மருத்துவர் பலர் எழுதினர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய இல்லத்தரசியர் சுவர்த்தாள் வாங்குங்கால் இரண்டு வினாக்களைக் கேட்கத் தொடங்கினர்: இதில் நஞ்சு உண்டா? இதனைக் கழுவ இயலுமா? வெறுந்தாளைக் கழுவினால் கிழிந்துபோகும். புடைப்புத்தாள் வென்றதற்கு அதன் அழகு மட்டும் காரணமன்று. இவ்விரண்டாம் வினாவும் ஒரு காரணமாகும்.

ஃபிரெடரிக் வால்டன் என்னும் ஆங்கிலேயர், திறந்து கிடந்த வண்ணக்கலத்தின்மேல் பாலாடை போல் ஓர் ஆடை படிந்திருக்கக் கண்டார். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று இறுகுவதால் உண்டாகும் ஆடை அது. ரப்பர் போல் வளையவும், நீர் புகாதிருக்கவும் வல்லது. பலரும் எடுத்தெறியும் அவ்வாடையை அவர் ஆராய்ந்தார். தக்கைத் தூளோடு அதனைக் கலந்து தரைவிரிப்புச் செய்தார், அதுவே லினோலியம். பின்னர், தரைக்கு ஆகும் பொருள் சுவருக்கு ஆகாதா என எண்ணினார். இறுகிய எண்ணெயுடன் மரத்தூளும் பிசினும் மெழுகும் பிசைந்து மாவாக்கி, தடித்த துணியின்மேலும் பின்னாளில் தாளின்மேலும் பரப்பி, ஓவியம் செதுக்கிய இரும்புருளையின் அடியில் செலுத்தினார். உருளையின் பள்ளங்களில் மாவு ஏறிப் படிந்து, மறுபுறம் வரும்போது பூக்கள் மேடாக எழுந்து நின்றன. 1877-இல் வெளிவந்த இப்பொருளுக்கு லிங்க்ரஸ்டா எனப் பெயரிட்டார். ஆளி என்றும் புடைப்பு என்றும் பொருள்படும் இலத்தீன் சொற்கள் இரண்டின் சேர்க்கை அப்பெயர்.

லிங்க்ரஸ்டாவின் பூ உள்ளீடற்றதன்று. அடிமுதல் நுனிவரை கெட்டியானது. அழுத்தினால் நசுங்காது, நாள் செல்லச் செல்ல இறுகும், ஈரத்துணியால் துடைக்கலாம். ஆதலின் மக்கள் உராய்ந்து செல்லும் நடைகளிலும், மாடிப்படியின் ஓரங்களிலும், நாற்காலியின் முதுகு இடிக்கும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் இதனை ஒட்டினர். நம் வீட்டுக் காவிப்பட்டை இருக்கும் அதே இடம்! மேலே வண்ணம் பூசித் தோல் போலவும் மரம் போலவும் தோன்றச் செய்தனர். அரண்மனைக்கு உரியதாயிருந்த பொற்றோலின் தோற்றம் இடைத்தர மக்களின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஆயினும் லிங்க்ரஸ்டா கனமானது. விலையும் தொழிலாளிக்கு எட்டாதது. இலண்டனில் வால்டனின் விற்பனைக் காட்சிக்கூடத்தை நடத்திவந்த தாமஸ் பாமர் இக்குறையை உணர்ந்தார். நாள்தோறும் வாங்க வருவோரையும், விலை கேட்டு வாளா திரும்புவோரையும் கண்டவர் அல்லரோ அவர்? பருத்திக் கூழினால் இலேசான புடைப்புத்தாள் செய்யலாம் என்று முதலாளியிடம் கூறினார். தம் பொருளுக்குத் தம் கூடாரத்திலேயே போட்டி எழுவதை வால்டன் விரும்பவில்லை. பாமர் வெளியேறி, லங்காஸ்டர் நகரத்து ஸ்டோரி உடன்பிறந்தார் நிறுவனத்தாரின் துணையோடு 1887-ஆம் ஆண்டளவில் தம் தாளைச் செய்யலானார். அதற்கு அனக்ளிப்டா எனக் கிரேக்கச் சொற்களால் பெயர் அமைத்தார்.

அனக்ளிப்டாவின் நுட்பம் எளிமையானது; ஆனால் எளிதில் தோன்றாதது. உலர்ந்த தாளை அச்சில் வைத்து அழுத்தினால் அதன் இழைகள் இழுபட்டு மெலியும். அத்தாளில் பசை தடவியதும் அது ஊறி நெகிழும். சுவரில் தேய்த்து ஒட்டும்போது பூக்கள் அமுங்கிவிடும். பாமரின் முறையிலோ கூழ் ஈரமாக இருக்கும்போதே அச்சில் இடப்பட்டது. இழைகள் பூவின் வடிவிலேயே பின்னிக்கொண்டு உலர்ந்தன. வளைத்துக் கட்டிய பந்தலுக்கும், வளைந்தே வளர்ந்த கொடிக்கும் உள்ள வேற்றுமை போன்றது இது. பின்புறம் குழிவாக இருந்தமையால் எடை குறைந்தது, விலையும் குறைந்தது. சுவர்களில் மட்டுமன்றி மேற்கூரையின் உட்புறத்திலும் இதனை ஒட்டினர். ஆண்டுகள் செல்ல, பழைய தாளின்மேல் வண்ணத்தைப் பூசிக்கொண்டே வந்தனர். ஆங்கிலேயத் தொழிலாளர் தெருக்களில் வரிசையாக நின்ற சிறு வீடுகளிலும் இப்பூக்கள் இடம்பெற்றன. வால்டனின் கண்டுபிடிப்பு அறிவுக்கு விருந்து. எனினும், விலை கேட்டுத் திரும்பியோரை எண்ணிப் பார்த்த பாமரின் செயலையே நான் மேலாக மதிப்பேன்.

இவ்வரலாற்றில் ஜப்பானியரின் பங்கு தனிச்சுவை உடையது. ஆலந்து வணிகர் கொண்டுசென்ற புடைப்புப் பொற்றோலைத் துண்டு துண்டாக வாங்கி, ஜப்பானியர் புகையிலைப் பைகள் செய்துகொண்டனர். தோல் தீட்டுடையது எனக் கருதப்பட்டமையால், இசே திருக்கோயிலுக்குச் செல்லும் அடியார்க்கு அதற்கு மாற்று வேண்டியிருந்தது என்பர். தம் நாட்டு வலிமை மிக்க தாளையே எண்ணெயூட்டித் தோல்போல் ஆக்கினர். பின்னர், பூச்செதுக்கிய மரவுருளையின்மேல் ஈரத்தாளை விரித்து, தூரிகையால் அடித்தடித்து வடிவம் எழச்செய்து, உலோகத் தகடும் மெருகும் ஏற்றிச் சுவர்த்தாளாக வளர்த்தனர். 1873-இல் வியன்னா நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் இது வைக்கப்பட்டது. ஐரோப்பியத் தோலின் போலி, ஐரோப்பிய மாளிகைகளுக்கே ஏற்றுமதியாயிற்று.

இவ்வாறு உலகைச் சுற்றிவந்த தாள் நம் நாட்டில் ஏன் நிலைபெறவில்லை? தாள் என்பது மரத்தின் நார் அல்லது பருத்தியின் நார். அதனை ஒட்டும் பழைய பசை மாவுப்பசை. கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் இவற்றினும் இனிய உணவு வேறு உண்டோ? சமவெளியில் மழைக்காலத்து ஈரம் சுவரில் ஏறும். கோடையில் அது வெடித்துலரும். நனைந்து உலர்ந்து நனைந்து உலரும் தாள் ஓரம் சுருண்டு எழும்பும். கோடைக்கானலில் வெம்மை இல்லை. ஆனால் இரு பருவக் காற்றுகளாலும் மழை பெறும் இடம் அது. மேகமே சாளரத்தின் வழியே வீட்டுக்குள் நுழையும் ஊரில், தாளுக்குப் பின்னே பூஞ்சணம் படர்வதற்கு நெடுநாள் வேண்டா. சுண்ணாம்போ காரத்தன்மை உடையது. பூஞ்சணத்தை எளிதில் வளரவிடாது. சுவருக்குள் ஏறும் ஈரம் ஆவியாகி வெளியேறவும் வழிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளையடிப்பதால் அழுக்கு மறைகிறது, அணியும் புதுப்பிக்கப்படுகிறது. நம் முன்னோர் சுவர்த்தாளை அறியாததனால் வெள்ளையடித்தவர் அல்லர். இம்மண்ணுக்கு ஏற்றது அது என்பதனாலேயே அடித்தனர்.

புடைப்பணியில் அவர்க்கு விருப்பம் இல்லை என்றும் எண்ணற்க. கோபுரங்களின் சுதைச் சிற்பங்களை நாம் நாளும் காண்கிறோம். தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து அணிகலன்களையும் திருவாசியையும் மேடாக்கி, அதன்மேல் பொன்னிழை ஒட்டுவர். கோர்டோபாத் தோலில் இல்லாத உண்மைப் பொன் இங்கே உண்டு. ஆனால் அது பலகையில் எழுதிச் சுவரில் மாட்டும் படம். சுவர் முழுவதையும் அணி செய்த கலையைக் காணவேண்டுமானால், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் செட்டிநாட்டுக்குச் செல்லவேண்டும்.

பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வாணிகம் நடத்திய நகரத்தார், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை தம் ஊர்களில் மாளிகைகள் எடுத்தனர். பர்மாவின் தேக்கும் இத்தாலியின் சலவைக்கல்லும் வாங்கும் வளம் படைத்தவர் அவர். சுவர்த்தாள் வாங்க இயலாதவர் அல்லர். எனினும் சுவருக்கு அவர் தேர்ந்தது சுண்ணமே. சுண்ணாம்பை நெடுநாள் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துக் கொத்தர்கள் படலம் படலமாகப் பூசினர். மேலே செல்லச் செல்லச் சாந்து நுண்மை பெறும். கடைசிப் படலத்திற்கு வெண்ணெய் போல் அரைத்த சுண்ணத்தில் முட்டையின் வெண்கருவைக் கலந்து பூசி, பளபளப்பு ஏறும்வரை தேய்ப்பர். நூறு ஆண்டுகள் கழிந்தபின்னும் அச்சுவரில் முகம் நிழலாடும். வெயில் வேளையில் கன்னத்தை வைத்தால் குளிரும்.

அச்சுவரின் கீழ்ப்பகுதியில், மனிதரின் கையும் முதுகும் படும் இடத்தில், பல வீடுகளில் நிறப் பூக்கள் புடைத்து நிற்பதைக் காணலாம். அவை தாளல்ல, ஜப்பானிலிருந்து வந்த மெருகோடுகள். ஆங்கிலேயர் செய்த புடைப்போடுகளைப் பார்த்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியர் கற்றுக்கொண்ட தொழில் அது. களிமண் தூளை உலோக அச்சில் இட்டுப் பெரும் அழுத்தம் கொடுப்பர். தூள் இறுகிப் பூமேடுகள் உருவாகும். அதன்மேல் கண்ணாடி போன்ற வண்ண மெருகை ஊற்றிச் சூளையில் சுட்டால், மெருகு பள்ளங்களில் தேங்கி அடர்ந்த நிறமும், மேடுகளில் வழிந்து வெளிர் நிறமும் காட்டும். ஒரே வண்ணம் ஒரே இதழில் இருவேறு நிழல் பெறும் அருமையைத் தூரிகையாலும் எளிதில் கொணர இயலாது. 1920-களிலும் 1930-களிலும் இவ்வோடுகள் இந்தியாவுக்கு மிகுதியாக வந்தன. நம்மவர் விருப்பத்தை அறிந்த ஜப்பானியத் தொழிற்கூடத்தார், ரோஜா மலர்களோடு திருமகள், கண்ணன் முதலிய தெய்வ உருவங்களையும் புடைப்பாகச் செய்து அனுப்பினர். வால்டன் தம் லிங்க்ரஸ்டாவுக்குப் பெருமையாகக் கூறிய குணங்கள் அனைத்தும் இவ்வோட்டில் உள்ளன: நசுங்காது, துடைக்கலாம், ஈரம் தாங்கும். கரையான் தின்னாது என்பது நம் நாட்டுக்கெனக் கூடுதலாக அமைந்த நன்மை.

இன்று சுவர்த்தாள் மீண்டும் நம் ஊர்களுக்கு வந்துள்ளது. இப்போதைய தாளின் மேற்பரப்பு பெரும்பாலும் பிளாஸ்டிக். சூட்டில் நுரைத்துப் பொங்கும் பொருளைத் தாளில் அச்சிட்டு, அடுப்பினூடே செலுத்தினால் அச்சிட்ட இடம் மட்டும் உப்பி எழும். அதுவே இந்நாளையப் புடைப்பு. செங்கல் வரிசை போலவும் கருங்கல் போலவும் தோன்றும் நுரைத்தகடுகள் பின்புறப் பசையோடு விற்கப்படுகின்றன. சிமிட்டி பூசி நன்றாக உலர்ந்த உட்சுவருக்கு இவற்றால் பெருங்கேடில்லை. ஒரே நாளில் அறையின் தோற்றம் மாறுவதும் மகிழ்ச்சி தருவதே. இடர் வருவது பழைய சுண்ணச்சுவரில்தான். தரையிலிருந்து ஏறும் ஈரம் அதுவரை சுவரின் முகத்தால் ஆவியாகி வெளியேறி வந்தது. பிளாஸ்டிக் அம்முகத்தை மூடியதும் ஈரம் உள்ளேயே தங்கும். முதலில் பூஞ்சண மணம் வீசும். பின்னர்ச் சாந்து உப்புப் பூத்துப் பொடியும். ஒருநாள் தாளை உரித்தால் அதனோடு சுவரின் முகமும் பெயர்ந்து வரும். நூறு ஆண்டுகள் நின்ற பூச்சு, அழகு செய்ய வந்த பொருளால் சில ஆண்டுகளில் அழிந்துபோகும். பழைய வீட்டில் இத்தாளை ஒட்ட விரும்புவோர், மழைக்காலம் முடியுந்தறுவாயில் சுவரின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்ப்பது நன்று. கை குளிர்ந்து ஈரம் தட்டினால், அச்சுவருக்கு வேண்டியது வெள்ளையடிப்பே.

செட்டிநாட்டு ஊர்களை உலக மரபுச் சின்னங்களுக்கான முன்பட்டியலில் 2014-ஆம் ஆண்டில் இந்தியா சேர்த்துள்ளது. எனினும் பூட்டிக் கிடந்து சிதைந்த மாளிகைகள் பலவும், பாகம் பிரியாமல் இடிக்கப்பட்டவை பலவும் உண்டு. தேக்குத் தூண்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு வேறு ஊர்களுக்குப் போகின்றன. சுண்ணப்பூச்சைப் பெயர்த்து விற்க இயலாது. அது மண்ணோடு மண்ணாகிறது. புடைப்போடுகளில் உடையாமல் எஞ்சியவை காரைக்குடியின் பழம்பொருட் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. அங்கே அடுக்கி வைத்திருக்கும் ஓடு ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், ஜப்பானில் செய்யப்பட்டது என்னும் ஆங்கில எழுத்துகள் அதன் முதுகிலும் புடைப்பாகவே இருக்கும். அவ்வெழுத்துகளின் இடுக்குகளில் கொத்தர் வைத்த சுண்ணச்சாந்து வெள்ளை மாறாமல் ஒட்டியிருக்கும்.